வாட்டர் கூலிங் லூப்ல எங்க சொட்டுது, ஏன் சொட்டுது: ட்யூப், ஃபிட்டிங் பிரச்சனைகள் அறிகுறி வாரியா

கம்ப்யூட்டரைக் குளிர வைக்கத் தண்ணியை ட்யூப்ல சுத்தி விடற அமைப்புதான் லூப். அதுல ஒரு சொட்டு தண்ணியைப் பார்த்ததும் கை தானா பக்கத்துல இருக்கற ஃபிட்டிங்கை, அதாவது ட்யூபை இணைக்கற முனையைப் பிடிச்சு ஒரு திருகு திருகிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். என் முதல் லூப்ல கிராஃபிக்ஸ் கார்டு ஓரத்துல ஒரு சொட்டு தொங்கிட்டே இருந்துச்சு, துடைச்சா அரை மணி நேரத்துல திரும்ப வந்துடும், ரெண்டு நாள் சாயந்தரம் உக்காந்து அந்த கார்டுல இருந்த ரெண்டு ஃபிட்டிங்கையும் மாத்தி மாத்தி இறுக்கினேன், கடைசில பார்த்தா தண்ணி கிளம்பினது மேல சிபியு பிளாக்ல (சிப் மேல உக்கார்ந்து அதோட சூட்டைத் தண்ணிக்குக் கொடுக்கற உலோகக் கட்டி), ட்யூபோட வெளிப்பக்கமா வழிஞ்சு வந்து வளைவோட அடியில சேர்ந்து அங்கேருந்து கார்டு மேல விழுந்துட்டு இருந்திருக்கு. நான் இறுக்கினதுக்குப் பலன், நல்லா இருந்த ஓ-ரிங் (தண்ணியை நிறுத்தற ரப்பர் வளையம்) ஒண்ணு நசுங்கினதுதான்.

அதனால இங்க சொல்லப்போற எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு: இறுக்கறது கடைசியா யோசிக்க வேண்டிய விஷயம். லூப்ல வர்ற கசிவுல பாதிக்கு மேல அளவு தப்பு, வெட்டு தப்பு, இல்லன்னா ட்யூப் ஒரு பக்கமா இழுக்கறது, இப்படி ஏதாவதுதான் காரணமா இருக்கும்ங்கறது என் அனுபவம், இது எதுவுமே இறுக்கினா சரியாகாது.

முதல்ல பவர் சப்ளையை அணைச்சு பிளக்கைப் பிடுங்கிடுங்க. லூப்ல ஊத்தற திரவமான கூலன்ட்டோட பாட்டில்ல மின்சாரம் கடத்தாதுன்னு போட்டிருக்கும், புதுசா இருக்கும்போது அது ஓரளவு உண்மைதான், ஆனா லூப்ல கொஞ்ச நாள் சுத்தினா பிளாக், ரேடியேட்டர்ல இருந்து உலோக அயனிகள் கலந்து நல்லாவே கடத்த ஆரம்பிச்சுடும், அந்த லேபிளை நம்பி மதர்போர்டை ஓட விடாதீங்க. அப்புறம் எல்லா இணைப்பையும் சுத்தமா துடைச்சுட்டு ஒவ்வொரு ஃபிட்டிங்கைச் சுத்தியும் டிஷ்யூ பேப்பரைத் தனித்தனியா சுத்துங்க. பம்பை மட்டும் ஓட்டணும், மதர்போர்டுக்கு கரண்ட் போகக்கூடாது, அதுக்கு மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போற ஒயரை எல்லாம் கழட்டிட்டு, பவர் சப்ளையோட 24 பின் கனெக்டர்ல ஜம்பர் பிளக் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓட வைக்கற சின்ன பிளக்) மாட்டினா போதும். பத்து நிமிஷம் கழிச்சு எந்த டிஷ்யூ முதல்ல நனைஞ்சிருக்கோ, அதுல இருக்கறதுலயே உயரமா இருக்கறது எதுவோ, அதுதான் குற்றவாளி. தண்ணி மேல ஏறாது, அது ஒண்ணு மட்டும் நமக்கு சாதகம்.

அறிகுறி: ஃபிட்டிங் அடியில, போர்ட்டோட சேர்ற இடத்துல ஈரம்

ஃபிட்டிங்கைத் திருகி ஏத்தற ஓட்டைதான் போர்ட், கம்ப்யூட்டர் லூப்ல வர்ற போர்ட் எல்லாமே அனேகமா ஜி 1/4 மரைதான். இது நேரான மரை, கூம்பு மரை கிடையாது. வீட்டு பைப்ல வர்ற மாதிரி மரைக்குள்ள மரை இறுகி தண்ணியை நிறுத்தற சமாச்சாரமே இங்க இல்ல, மரை வெறுமனே பிடிச்சுக்கத்தான், தண்ணியை நிறுத்தறது ஃபிட்டிங் அடியில உக்காந்திருக்கற அந்த சின்ன ஓ-ரிங். அதனால டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, சுத்தினா ஃபிட்டிங் முழுசா உள்ள போய் உக்காராது, ஓ-ரிங் அமுங்காது, டேப்போட பிசிறு போய் பிளாக்ல அடைக்கும், அவ்வளவுதான் பிரயோஜனம்.

ஃபிட்டிங்கைக் கழட்டி ஓ-ரிங்கைப் பாருங்க. பள்ளத்துக்குள்ள சமமா இருக்கணும். ஒரு பக்கம் பிதுங்கி வெளிய தள்ளியிருந்தா, வெட்டு விழுந்திருந்தா, தட்டையா ஆயிருந்தா மாத்திடுங்க. ஒரு முடி, ஒரு துணி நூல் குறுக்க கிடந்தாக்கூட போதும், மெதுவா ஊறும். பல சமயம் ஒண்ணுமே உடைஞ்சிருக்காது, காய்ஞ்ச ஓ-ரிங்கை அப்படியே திருகினதுல அது உருண்டு பள்ளத்தை விட்டு வெளிய வந்திருக்கும். ஒரு சொட்டு காய்ச்சி வடிகட்டின தண்ணியோ கூலன்ட்டோ தடவிட்டு திருகினா வழுக்கிட்டுப் போய் உக்காரும். வாசலின் மாதிரி பெட்ரோலிய கிரீஸ் தடவாதீங்க, ஓ-ரிங் ஈபிடிஎம் ரப்பரா இருந்தா ஊதிடும். சிலிகான் கிரீஸ் பரவாயில்ல.

எவ்வளவு இறுக்கணும்னா, கையால திருகி ஓ-ரிங் அமுங்கி நின்னதும் இன்னும் கொஞ்சூண்டு. அவ்வளவே. ஸ்பானர் போட்டு இறுக்கினா பித்தளை போர்ட் தாங்கும், அக்ரிலிக் பிளாக், அக்ரிலிக் ரிசர்வாயர் (தண்ணித் தொட்டி) தாங்காது, போர்ட்ல இருந்து முடி மாதிரி ஒரு கோடு கிளம்பும். அது அன்னைக்கே சொட்டாது, ரெண்டு வாரம் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி பட்ட பிறகுதான் சொட்டும்.

இன்னொண்ணு, அவசரத்துக்கு பொது பைப் சாமான்ல இருந்தோ காற்றுக் குழாய் சாமான்ல இருந்தோ கால் இன்ச் ஃபிட்டிங் எடுத்து மாட்டறவங்க இருக்காங்க. அதுல நிறைய கூம்பு மரை. என்பிடி 1/4ங்கற கூம்பு மரைக்கு இன்ச்சுக்கு 18 திருகு, ஜி 1/4க்கு 19. ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும், நாம நல்லா பிடிச்சுடுச்சுன்னு சந்தோஷப்படுவோம், உண்மையில மரையை அறுத்துட்டு இருப்போம்.

அறிகுறி: சாஃப்ட் ட்யூப், காலர் பக்கம் சொட்டுது

கம்ப்ரஷன் ஃபிட்டிங்ல ட்யூப் உள்ள இருக்கற முனை மேல, அதாவது பார்ப் மேல ஏறி உக்காரும், வெளியில இருந்து காலர்ங்கற திருகு வளையம் வந்து ட்யூபை அந்த பார்ப் மேல அழுத்தும். தண்ணி நிக்கறது பார்புக்கும் ட்யூபுக்கும் நடுவுல. காலர் உதவிக்கு வந்த ஆள் மட்டும்தான். ட்யூப் பார்போட அடி வரைக்கும் போகாம பாதியில நின்னுட்டா காலரை எவ்வளவு இறுக்கியும் பலன் இல்ல.

ட்யூப் உள்ள போக அடம் பிடிச்சா முனையை மட்டும் வெந்நீர்ல ஒரு நிமிஷம் முக்கி எடுங்க, வெண்ணெய் மாதிரி ஏறிடும். கத்தரிக்கோல்ல வெட்டாதீங்க, கத்தரிக்கோல் ட்யூபை முதல்ல நசுக்கிட்டுத்தான் வெட்டும், முனை கோணலா நீள்வட்டமா வரும். ட்யூப் வெட்டற கட்டர், இல்ல புது பிளேடு, நேரா ஒரே வெட்டு. அப்புறம் காலரை ட்யூப்ல மாட்டிட்டுத்தானே முனையை ஏத்தணும், இதை மறந்து எல்லாம் ஏத்தின பிறகு கையில காலரோட முழிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கல.

இப்ப அளவு விஷயம், கசிவுல பெரிய பங்கு இதுக்குத்தான். சாஃப்ட் ட்யூபுக்கு ரெண்டு எண், முதல் எண் உள் விட்டம், ரெண்டாவது வெளி விட்டம். அதிகமா புழங்கறது 10/13, 10/16, 13/19 மிமீ, இன்ச் கணக்குல 3/8-1/2, 3/8-5/8, 1/2-3/4. ஃபிட்டிங்கும் இதே ரெண்டு எண்ணோடதான் வரும், ரெண்டும் பொருந்தணும். உள் அளவு பொருந்துதேன்னு வாங்கிட்டு வந்துடறாங்க, தப்பு அங்கதான் நடக்குது.

10/16 ட்யூபை 10/13 ஃபிட்டிங்ல போட்டா காலர் ஏறவே ஏறாது, நல்லது, தப்புன்னு உடனே தெரிஞ்சுடும். ஆபத்து இதுக்கு நேர் எதிரா இருக்கறது. 10/13 ட்யூபை 10/16 ஃபிட்டிங்ல போட்டா பார்ப் மேல ட்யூப் அழகா ஏறும், காலர் எந்த எதிர்ப்பும் இல்லாம வழுவழுன்னு கடைசி வரை போய் நிக்கும், பார்க்க கச்சிதமா இருக்கும். ஆனா காலர் ட்யூபைத் தொடவே இல்ல, சுத்தியும் ஒன்றரை மிமீ காலி இடம். தண்ணி சூடாகி ட்யூப் இளகினதும் ஒரு நாள் கழண்டு வந்துடும். காலர் இறுகும்போது கையில ஒரு எதிர்ப்பு தெரியணும், கடைசி ரெண்டு சுத்துல ட்யூப் நசுங்கறது தெரியணும். அது தெரியலன்னா நிறுத்திட்டு அளவைப் பாருங்க.

காலர் இறுக்கும்போது ட்யூபும் சேர்ந்து சுத்துதான்னு கவனிங்க. ட்யூப் மேல நீளவாக்குல எழுத்து அச்சடிச்சிருக்கும்ல, அந்த எழுத்து வரிசை நேரா போகணும். அது கொடி மாதிரி ட்யூபைச் சுத்திட்டுப் போனா ட்யூப் முறுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த முறுக்கு தன்னை அவிழ்த்துக்கப் பார்க்கும், அவிழும்போது மறுமுனையில இருக்கற ஃபிட்டிங்கைப் போர்ட்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா திருகிக் கழட்டும். மாசக்கணக்குல நல்லா இருந்த லூப் திடீர்னு போர்ட் அடியில ஊறினா நான் முதல்ல பார்க்கறது அந்த எழுத்தைத்தான்.

வெறும் பார்ப் ஃபிட்டிங், கிளாம்ப் போட்டு வேலையை முடிக்கறவங்களை யாரும் இப்ப மதிக்கறதில்ல, ஆனா 1/2 இன்ச் பார்ப் மேல 7/16 இன்ச் உள் விட்ட ட்யூபை வெந்நீர்ல முக்கி இழுத்து ஏத்திப் பாருங்க, கத்தியால அறுத்துத்தான் எடுக்கணும், அப்படிப் பிடிக்கும். அழகு இல்ல, அவ்வளவுதான் குறை.

அறிகுறி: ஹார்ட் ட்யூப், எல்லாம் புதுசு, ஆனா ஒரு முனையில மட்டும் விடாம சொட்டுது

இங்கதான் பொறுமை வேணும். ஹார்ட் ட்யூப்ல தண்ணியை நிறுத்தறது ஃபிட்டிங் உள்ள இருக்கற ஓ-ரிங், அது ட்யூபோட வெளிப்பக்கத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கும். அதனால ஹார்ட் ட்யூபுக்கு வெளி விட்டம்தான் முக்கியம், 12, 14, 16 மிமீ. இன்ச்ல வர்றதும் இருக்கு, அது ஒரு கண்ணி. 1/2 இன்ச்னா 12.7 மிமீ, 12 மிமீ ஃபிட்டிங்ல போகாது, பிரச்சனை இல்ல. 5/8 இன்ச்னா 15.875 மிமீ, இது 16 மிமீ ஃபிட்டிங்ல சுகமா போயிடும். 0.125 மிமீ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஓ-ரிங்கோட பிடி அந்த அளவுக்குத் தளர்ந்துதான் இருக்கும். ட்யூப் அளவுல சந்தேகம் இருந்தா வெர்னியர் காலிப்பர் வச்சு ரெண்டு திசையில அளந்து பாருங்க, வளைச்ச இடத்துக்குப் பக்கத்துல ட்யூப் லேசா நீள்வட்டமா ஆயிருந்தாலும் அதுல தெரிஞ்சுடும்.

அளவு சரின்னா அடுத்தது வெட்டு முனை. வெட்டின ட்யூபோட வெளி ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க. கூர்மையா பிசிறா இருந்தா அந்த முனை ஓ-ரிங்கைத் தாண்டி உள்ள போகும்போதே அதை சீவிட்டுப் போயிருக்கும், கழட்டிப் பார்த்தா கறுப்பா பொடிசா ரப்பர் துணுக்கு ட்யூப்ல ஒட்டியிருக்கும். வெளி ஓரத்தை லேசா சாய்வா தேய்ச்சு மழுக்கணும், உள் ஓரத்துல இருக்கற பிசிறையும் எடுக்கணும், ஓ-ரிங்கை மாத்தணும், ஈரப்படுத்தித் தள்ளணும். ஒரு குறிப்பு, ட்யூபை முழுசா உள்ள தள்ளி நின்னதும் காலர் ஓரத்துல ட்யூப் மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க. மறுமுனையை மாட்டும்போது இந்த முனை ரெண்டு மிமீ வெளிய வந்துட்டா கோடு காட்டிக் கொடுத்துடும்.

வெட்டும் சரி, ஆழமும் சரி, இன்னும் சொட்டுதுன்னா ட்யூப் பக்கவாட்டுல இழுத்துட்டு இருக்கு. சோதனை ரொம்ப சுலபம். ரெண்டு முனையிலயும் காலரைத் தளர்த்திட்டு ட்யூபை அதோட இடத்துல வச்சுட்டுக் கையை எடுங்க. ட்யூப் அப்படியே சமர்த்தா நிக்கணும். கையை எடுத்ததும் துள்ளி ஒரு பக்கம் சாய்ஞ்சா வளைவு ரெண்டு மூணு டிகிரி தப்பு. நீங்க அதை வளைச்சுப் பிடிச்சுக் காலரை இறுக்கி உக்கார வச்சிருக்கீங்க, ஆனா உள்ள ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கி இன்னொரு பக்கம் வாயைத் திறந்துட்டு இருக்கு. அந்த நிலையில காலரை இறுக்க இறுக்கக் கசிவு கூடத்தான் செய்யும். திரும்ப சூடு காட்டி வளைவைத் திருத்துங்க, இல்ல புது துண்டு வளைங்க. வளைவு நமக்கு வரலன்னு தெரிஞ்சா வெக்கப்படாம நேர்த் துண்டும் 90 டிகிரி ஃபிட்டிங்கும் போட்டு முடிச்சுடலாம், நான் இன்னைக்கும் கஷ்டமான இடத்துல அதைத்தான் பண்றேன்.

வளைக்கும்போது உள்ள போடற சிலிகான் கயிறு ட்யூபோட உள் விட்டத்துக்குப் பொருந்தணும், மெல்லிசா இருந்தா வளைவு தட்டையாயிடும். வளைவுல குட்டிக் குட்டிக் குமிழி வந்தா சூடு ரொம்ப காட்டிட்டீங்க, ஹீட் கன்னைத் தள்ளிப் பிடிச்சு ட்யூபை உருட்டிட்டே இருங்க.

அறிகுறி: ட்யூப் மடங்குது, இல்ல வளைவு நசுங்குது

சாஃப்ட் ட்யூப்ல சுவர் தடிமன்தான் எல்லாம். 10/13க்கு சுவர் ஒன்றரை மிமீ, 10/16க்கு மூணு மிமீ. உள்ள ஓடற தண்ணி ஒண்ணுதான், ஆனா 10/16 எவ்வளவோ இறுக்கமான வளைவுக்கும் மடங்காது. முதல் தடவை கட்டறவங்களுக்கு நான் 10/16தான் சொல்வேன், பார்க்கக் கொஞ்சம் குண்டா இருக்கும், தொந்தரவு குறைவு. ஏற்கனவே 10/13 வாங்கியாச்சுன்னா மடங்கற இடத்துல ட்யூபைக் கொஞ்சம் நீளமா விட்டு வளைவைப் பெருசாக்குங்க, நிறைய பேர் நீளத்தைக் குறைச்சாத்தான் நேர்த்தின்னு நினைச்சு வெட்டி வெட்டியே மடங்க விடறாங்க. இடம் இல்லன்னா 45 டிகிரி ஃபிட்டிங் ஒண்ணு போட்டு கிளம்பற திசையை மாத்துங்க. ட்யூப் மேல மாட்டற ஸ்பிரிங் சுருளும் உதவும்.

புதுசா பிரிச்ச ட்யூப் சுருளா இருந்த வாக்குலயே வளைஞ்சு நிக்கும். அந்த வளைவோட சண்டை போடாதீங்க, எந்தப் பக்கம் வளையுதோ அந்தப் பக்கமே வளைவு வர்ற மாதிரி மாட்டுங்க.

அறிகுறி: பக்கத்து ஃபிட்டிங் இடிக்குது

கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்ல, சில பம்ப் டாப்ல ரெண்டு போர்ட் ஒட்டினாப்ல இருக்கும். 13/19 காலர் ரெண்டு பக்கத்துல பக்கத்துல மாட்டினா ரெண்டாவது கோணலா ஏறும், ஓ-ரிங் ஒரு பக்கம்தான் அமுங்கும், அப்புறம் மேல சொன்ன போர்ட் அடி ஈரம். ஒரு ஃபிட்டிங்குக்கு அடியில சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டு உயரத்தை மாத்தினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாண்டி நிக்கும். வாங்கறதுக்கு முன்னாடியே காலரோட விட்டத்தையும் ரெண்டு போர்ட் மையத்துக்கு நடுவுல இருக்கற தூரத்தையும் பார்த்துடுங்க. மையத்துக்கு மையம் தூரம் காலர் விட்டத்தை விடக் கம்மின்னா இடிக்கும், இதுல யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

ரோட்டரி ஃபிட்டிங், அதான் சுழலற ஃபிட்டிங், இந்த மாதிரி இடத்துல கைகொடுக்கும், ஆனா ஒவ்வொரு சுழலற மூட்டுக்குள்ளயும் இன்னொரு ஓ-ரிங் ஒளிஞ்சிருக்கு. மூணு நாலு ரோட்டரியை வரிசையா கோர்த்து அதுல கனமான ட்யூபைத் தொங்க விட்டா மூட்டு தொய்ஞ்சு அங்கேருந்து ஊறும். அந்தக் கசிவை வெளியில இருந்து எதையும் இறுக்கி நிறுத்த முடியாது, கனத்தைக் குறைக்கணும், இல்ல ஃபிட்டிங்கை மாத்தணும்.

அறிகுறி: டெம்பரேச்சர் ஏறுது, 90 டிகிரி ஃபிட்டிங் நிறைய போட்டதாலயோன்னு சந்தேகம்

அனேகமா இல்ல. லூப்ல தண்ணியைத் தடுக்கறதுல பெரிய ஆள் பிளாக்குக்குள்ள இருக்கற நுண்ணிய செதில் வரிசை. ட்யூப் 10 மிமீயா 13 மிமீயாங்கறது சின்ன வித்தியாசம், ஒரு 90 டிகிரி ஃபிட்டிங்கும் சின்ன வித்தியாசம். பத்து பன்னிரண்டு 90 டிகிரி, கூடவே ரெண்டு மூணு க்விக் டிஸ்கனெக்ட் (தண்ணி கொட்டாம சட்டுனு கழட்டற இணைப்பு)னு குவிஞ்சாத்தான் கணக்குல வரும், க்விக் டிஸ்கனெக்ட் உள்ள வால்வு இருக்கறதால அது கொஞ்சம் முரடு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு ஒரு கேலன், மணிக்கு சுமார் 227 லிட்டர் ஓடற லூப்ல 500 வாட் சூடு சேர்ந்தா தண்ணி லூப்பை ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஏறி இறங்கற வித்தியாசமே 2 டிகிரிக்குள்ளதான். அதனாலதான் சிபியு முதல்ல வரணுமா கார்டு முதல்ல வரணுமாங்கற சண்டைக்கு அர்த்தமே இல்ல, ட்யூப் எப்படிப் போனா சுலபமோ அப்படிப் போடுங்க. ஒரே ஒரு வரிசைதான் கட்டாயம், ரிசர்வாயர்ல இருந்து நேரா பம்புக்கு, பம்ப் காய்ஞ்சு ஓடக்கூடாது. டி5 மாதிரி பம்ப் எதிர்ப்பே இல்லாம மணிக்கு 1500 லிட்டர் தள்ளும், நாலஞ்சு வளைவுக்கெல்லாம் அது அசராது.

அப்ப டெம்பரேச்சர் ஏன் ஏறுதுன்னா, எங்கயோ ட்யூப் கண்ணுக்குத் தெரியாத இடத்துல மடங்கியிருக்கு, இல்ல ரேடியேட்டர்ல காத்து மாட்டியிருக்கு, இல்ல பிளாக்ல அடைப்பு. பழைய லூப் மெல்ல மெல்ல சூடேறினா அடைப்புதான், அது அடுத்த அறிகுறி.

அறிகுறி: ட்யூப் கலங்கிப் பால் மாதிரி ஆயிடுச்சு, பிளாக்ல பிசுபிசுன்னு ஏதோ

கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற சாஃப்ட் ட்யூப் பிவிசி, அதை வளையற மாதிரி ஆக்கறதுக்குப் பிளாஸ்டிசைசர்னு ஒரு திரவம் கலந்திருப்பாங்க. சூடும் கூலன்டும் பட்டு அது மெல்ல வெளிய வரும், ட்யூப் விறைப்பாயிடும், வெளிய வந்தது போய் பிளாக்கோட செதில்ல வெள்ளையா, கலர் கூலன்டா இருந்தா அந்தக் கலர்ல, பசை மாதிரி படியும். ட்யூபைக் கழட்டிக் காய வச்சா திரும்பத் தெளிவாச்சுன்னா அது வெறும் தண்ணி உறிஞ்சின கலங்கல், பயமில்ல. காய்ஞ்சும் மங்கலாவே இருந்தா, உள்பக்கம் டிஷ்யூவால துடைச்சா வழவழன்னு படலம் வந்தா, பிளாஸ்டிசைசர். பிளாக்கைப் பிரிச்சு மென்மையான பிரஷ் போட்டுக் கழுவிட்டு ட்யூபை மாத்துங்க, அதே ட்யூபைத் திரும்பப் போட்டா திரும்ப அதே கதைதான்.

இந்தத் தொல்லையே வேண்டாம்னா கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் ட்யூப். உள்ள தண்ணி தெரியாது, வெளிச்சம் போட்டு அழகு பார்க்க முடியாது, ஆனா பிளாஸ்டிசைசர் வம்பு கிடையாது, வெளிச்சம் உள்ள போகாததால பாசியும் லேசுல பிடிக்காது. என் மெஷின்ல இப்ப அதுதான் இருக்கு.

பச்சையா வழுக்கினா பாசி, பயோசைட், அதாவது பாசியைக் கொல்ற மருந்து, போடாம விட்டிருப்பீங்க. பச்சை நீலமா கெட்டியா உப்பு மாதிரி படிஞ்சா செம்பு அரிக்குது. தனியா, லூப்ல எங்கயாவது அலுமினியம் நுழைஞ்சிருக்கான்னும் தேடுங்க, செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில இருந்தா அலுமினியத்தைத் தண்ணி தின்னுடும். விலை மலிவான ஃபிட்டிங்ல சந்தேகம் இருந்தா கையில வச்சு எடை பாருங்க, பித்தளை அலுமினியத்தை விட மூணு மடங்கு கனம், காந்தம் ரெண்டுலயும் ஒட்டாது அதனால காந்த சோதனை வீண்.

அறிகுறி: எங்கயும் ஈரம் இல்ல, ஆனா ரிசர்வாயர்ல மட்டம் இறங்குது

முதல் வாரம்னா அது ரேடியேட்டர்ல மாட்டியிருந்த காத்து வெளிய வந்து தண்ணி அந்த இடத்துக்குப் போனது. பம்ப் ஓடும்போது கேபினெட்டை முன்ன பின்ன சாய்ச்சா களக் களக்னு சத்தத்தோட மீதிக் காத்தும் வரும். அதுக்கப்புறமும் மாசக்கணக்குல துளித் துளியா இறங்கினா அது ட்யூப் சுவர் வழியா ஆவியா போறது, எல்லா சாஃப்ட் ட்யூப்லயும் கொஞ்சம் நடக்கும், சிலிகான் ட்யூப்ல அதிகம். ரிசர்வாயர்ல ஒரு டேப் ஒட்டித் தேதி எழுதி வைங்க. வாரத்துக்கு வாரம் ஒரே வேகத்துல மெதுவா இறங்கினா விட்டுடலாம், வேகம் கூடினா டிஷ்யூவை எடுங்க.

அறிகுறி: ஹார்ட் ட்யூப் தொய்ஞ்சுடுச்சு, இல்ல உடம்பெல்லாம் முடி முடியா விரிசல்

தொய்ஞ்சா அது பிஇடிஜிங்கற பிளாஸ்டிக். 80 டிகிரி பக்கத்துல அது இளகிடும், ஃபிட்டிங் அழுத்தற இடத்துல அதுக்கும் கீழேயே விட்டுக் கொடுக்க ஆரம்பிக்கும். தண்ணி 60 டிகிரியைத் தொட்டாலே பம்போ ஃபேனோ நின்னிருக்குன்னுதான் அர்த்தம், ஒழுங்கான லூப்ல தண்ணி அங்க போகாது. அக்ரிலிக் இதை விட சூடு தாங்கும், ஆனா கீழ விழுந்தா உடையும், வெட்டும்போது சில்லு தெறிக்கும்.

முடி முடியா விரிசல்னா அக்ரிலிக்கை ஆல்கஹால் வச்சுத் துடைச்சிருப்பீங்க. வளைச்ச இடத்துலயும் மரை போட்ட இடத்துலயும் உள்ளுக்குள்ள இறுக்கம் இருக்கும், ஆல்கஹால் பட்டதும் அது விரிசலா வெளிய வரும். சோப்புத் தண்ணி போதும். விரிசல் விழுந்த துண்டைப் பசை போட்டு ஒப்பேத்தாதீங்க, தூக்கிப் போடுங்க.

சரி பண்ணியாச்சு, தண்ணி ஊத்தலாமா?

முதல்ல காத்து சோதனை. கைப் பம்பும் பிரஷர் கேஜும் சேர்ந்து வர்ற டெஸ்டர் ஒண்ணை மாட்டி 0.5 பார் வரைக்கும் ஏத்துங்க, ரிசர்வாயரோட மேனுவல்ல அதை விடக் கம்மியா சொல்லியிருந்தா அவங்க சொன்ன அளவு, அதுக்கு மேல போகாதீங்க. அரை மணி நேரம் முள் அசையக்கூடாது. சாஃப்ட் ட்யூப் லூப்ல முதல் சில நிமிஷம் ட்யூப் லேசா உப்பறதால முள் கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏத்திட்டு அப்புறம் நேரம் பாருங்க. ரூம்ல சூடு அஞ்சு டிகிரி குறைஞ்சாலே 0.02 பார் போல இறங்கிடும், அதுக்குப் பதறாதீங்க, ஏசி போட்டுட்டு சோதனை பண்ணி ஒரு நல்ல லூப்பைப் பூரா கழட்டிப் போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

முள் நின்னா தண்ணி ஊத்தி, திரும்ப டிஷ்யூ சுத்தி, பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டுங்க. ஊத்தறதுக்கு முன்னாடி லூப்போட அடிமட்டத்துல தண்ணி இறக்கறதுக்கு ஒரு டி ஃபிட்டிங்கும் (T வடிவ இணைப்பு) பால் வால்வும் (திறந்து மூடற குழாய்) இருக்கான்னு பாருங்க, அது இல்லாம கட்டினவங்க அடுத்த தடவை தண்ணி இறக்கும்போது கேபினெட்டைத் தலைகீழா தூக்கிட்டு நிப்பாங்க.

சாஃப்ட் ட்யூப் போட்டிருந்தா ஒரு வாரம் நல்லா கேம் ஓட்டி, தண்ணியை சூடாக்கி ஆற விட்டுட்டு, மெஷினை அணைச்சு ஒவ்வொரு காலரையும் கையால தொட்டுப் பாருங்க. ட்யூப் இளகி உக்கார்ந்ததுல ஒண்ணு ரெண்டு காலர் கால் சுத்து போகும். அதை மட்டும் இறுக்கிடுங்க.